மருந்து மதி

என் அக்காவின் வீடியோவை நீக்கிய கம்பெனிக்கு நான் எழுதிய அப்பீல் இன்னும் என் போனில் கிடக்கிறது. அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. கேரள எல்லையோரம் பாறசாலையில் வெகுகாலமாக ஆதாரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். தமிழ்நாட்டில் பத்திரம் என்பார்களே, அதற்கு எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்று பெயர். மலையாளத்தில் எழுதி, வந்தவர் தமிழ்க்காரர் என்றால் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது என் வேலை. இவன் எழுதினால் ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வராது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் இதை எழுத இவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

அக்கா உதியன்குளங்கரையில் இருந்தாள். ஜங்ஷனிலிருந்து உள்ளே இறங்கும் சிமெண்ட் ரோட்டில் வீடு. அங்கன்வாடியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரே மகள், என் மருமகள், கல்யாணமாகித் துபாயில் இருக்கிறாள். அந்த மகள் வாங்கி அனுப்பிய போனை வைத்துக்கொண்டு அக்கா சமையல் வீடியோ போட ஆரம்பித்தாள். மரச்சீனி அவியல், மத்திக் குழம்பு, சக்கை அடை. பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். குரல் மட்டும் அங்கன்வாடியில் பிள்ளைகளை உட்கார வைத்த அதே குரல். "தேங்காயைச் சும்மா திருவிப் போடாத மக்கா, நல்லா அரைச்சுப் போடு, மடி பிடிச்சுச் சோம்பப்பிடாது" என்று பார்க்கிறவர்களையே அதட்டுவாள். எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் பெண்களுக்கு அவளைப் பிடித்துப்போனது. பூவாறிலிருந்தெல்லாம் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள். பஸ்ஸில் யாராவது "வீடியோ அக்கா" என்று அடையாளம் கண்டுகொண்டால் அன்றைக்கு முழுக்க அவளைப் பிடிக்க முடியாது.

பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிசைகிறது என்றாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, ஆப்பரேஷன்கூடத் தேவைப்படலாம், திருவனந்தபுரம் போய்ப் பாருங்கள் என்றார்கள். அக்காவுக்கு அந்த ஒரு வார்த்தையில் உயிர் பாதி போய்விட்டது. அவளோடு வேலை பார்த்த ஒருத்தியை நெஞ்சைக் கீறி ஆப்பரேஷன் செய்து, அவள் திரும்பி வரவில்லை. "என்னைக் கீற விடாத எலே. எப்பிடியும் சாகட்டும், கீற விடாத" என்று என்னிடம் பலமுறை சொன்னாள்.

திருவனந்தபுரத்தில் தேதி கிடைக்கச் சில வாரம் ஆயிற்று. அதற்குள் யாரோ போனில் அனுப்பியதைப் பார்த்து, பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் தட்டிக் காய்ச்சி, தேன் விட்டுக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கத் தொடங்கியிருந்தாள். அடைப்பு கரைந்துவிடுமாம். நான் சிரித்தேன். குடித்தால் குடிக்கட்டும், ரசம் குடித்த மாதிரி என்று விட்டுவிட்டேன்.

டாக்டரைப் பார்த்த அன்றைக்கு நானும் அந்த அறைக்குள் இருந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும். குழாய் விட்டுச் சோதித்து முடித்திருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். வெளியே கூட்டம், ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். மலையாளத்தில் சொன்னார்:

"ஆப்பரேஷன் ஒண்ணும் வேண்டா அம்மே. இனி மருந்து மதி."

மதி என்றால் எங்கள் பக்கத்தில் போதும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. டாக்டர் சீட்டில் மாத்திரைகளை எழுதினார். கீழே போய் ஒரு மாதத்துக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து காலையில் இது, ராத்திரி இது என்று ஒவ்வொரு கவரின் மேலும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதவில்லை. குத்தகை ஆதாரம் எழுதும்போது நான் முதலில் கேட்பதே காலம் எவ்வளவு என்றுதான். அன்றைக்கு எனக்கு ஆபீசில் ஒரு பதிவு இருந்தது, ஓடிவிட்டேன்.

மாதம் ஒன்று கழிந்தபின் அக்கா அந்த வீடியோவைப் போட்டாள். அடுப்படியில் நின்று பூண்டு உரித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். ஹார்ட்டில் பிளாக் என்றது, கீறணும் என்று பயமுறுத்தியது, இந்தக் கஷாயத்தைக் குடித்தது எல்லாம் சொல்லிவிட்டு முடிவில், "டாக்டரு பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? ஆப்பரேஷன் வேண்டா, இனி மருந்து மதின்னாரு" என்றாள். அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

கொஞ்ச நாளில் அந்த வீடியோ காணாமல் போனது. தவறான மருத்துவத் தகவல், மருந்தை நிறுத்த மக்களைத் தூண்டுகிறது, எனவே நீக்கியிருக்கிறோம் என்று ஒரு அறிவிப்பு. அக்கா போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். ஆதாரம் எழுத வந்தவர்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டாள்.

"எலே, நான் என்ன பொய்யா சொன்னேன்? டாக்டரு சொன்னதைத்தானே சொன்னேன். நீயும் அங்க உண்டே. பொய்க்காரின்னாக்கும் எழுதி வச்சிருக்கான்."

வாழ்நாள் முழுக்கப் பிறத்தியான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவள். ஒருவரும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. அதன்பின் அவள் வீடியோ போடவில்லை. கடைக்குப் போனால், "அக்கா, உங்க வீடியோவை எடுத்துட்டாவளாமே, என்னவாம்?" என்று கேட்பார்கள் என்று கடைக்கே போகாமல் இருந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருத்தன், அல்லது ஆள்கூட இல்லாத ஒரு இயந்திரம், எங்கள் ஊர்ப் பேச்சுக்கு அர்த்தம் சொல்கிறது. மதி என்றால் போதும், நிறுத்து என்று அகராதியில் பார்த்திருப்பான். அப்பீல் எழுத ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். அதற்குள் நான் என் முழுத் திறமையையும் இறக்கினேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் சாயாக்கடையில் 'எனக்குக் கட்டன் மதி' என்றால், பால் இல்லாத சாயாவே போதும், அதையே கொடு என்று பொருள். சாயா வேண்டாம் என்று பொருள் அல்ல. அதுபோல 'மருந்து மதி' என்றால் அறுவை சிகிச்சை தேவையில்லை, மருந்து சாப்பிட்டாலே போதும் என்று பொருள். இந்தப் பெண்மணி மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, மருந்தையே வலியுறுத்துகிறார். இப்படி எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு இரண்டு மூன்று தடவை நானே வாசித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் வலைப்பக்கத்தில் ஒரு நீண்ட கட்டுரையும் போட்டேன். எங்கள் பாஷையை அறியாதவனுக்கு எங்கள் வாயை மூட என்ன அதிகாரம் என்று கேட்டிருந்தேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஊர் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கருத்துச் சுதந்திரம் என்பது தலைப்பு. நான் சாயாக் கதையைச் சொன்னதும் கைதட்டல். பேசி முடித்தபின் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். காரக்கோணத்துக்காரி, வெளிநாட்டில் நர்ஸ், லீவில் வந்திருக்கிறாள் என்று பிறகு சொன்னார்கள்.

"அண்ணா, ஒரு சம்சயம். அக்கா இப்பம் மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துக்கொண்டே, "டாக்டரு மருந்து மதின்னாரு. பின்ன மருந்து இல்லாம வேற என்னத்தைச் சாப்பிடுவாவ?" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டது நல்ல கேள்வி. நான் ஒரு வார்த்தை விளையாட்டைப் பதிலாகக் கொடுத்தேன்.

அப்பீல் ஜெயித்தது. மறுபரிசீலனை செய்தோம், உங்கள் பதிவு விதிகளை மீறவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று செய்தி வந்தது. வீடியோ திரும்ப வந்தது. அக்கா அடைப்பிரதமன் வைத்து என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு என் கட்டுரையைப் போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்கு என் எழுத்துத் தமிழ் பாதிக்கு மேல் புரியாது. "நீ எழுதினா எழுதினதாக்கும்" என்று பெருமையாகச் சொன்னாள். அப்போது நான் கேட்டது நினைவிருக்கிறது. மாத்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கா அக்கா, வாங்கணுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆச்சு மக்கா. நீ பாயசம் குடி" என்றாள்.

ஆச்சு. வாங்கியாச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது டம்ளர் பாயசத்தை வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் யார் யார் வந்திருந்தார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

சில மாதங்கள் கழித்து, ஒரு வியாழக்கிழமை முற்பகலில், ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆட்டோக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேஷுவாலிட்டியில் இருந்த இளம் டாக்டர் என்னென்ன மாத்திரை எடுத்தார்கள் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னேன். கவரில் எழுதிய கையல்லவா. "விடாமல் எடுத்தார்களா?" என்றாள். எடுத்தார்கள் என்றேன். இவ்வளவு எடுத்துமா என்பதுபோல ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

காரியங்கள் முடிந்து, துபாயிலிருந்து வந்த மருமகளும் நானும் வீட்டை ஒதுக்கினோம். அலமாரியில் நான் எழுதிக் கொடுத்த கவர்கள் இருந்தன. உள்ளே காலியான அட்டைகளை அக்கா அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். அந்த முதல் மாதத்து அட்டைகள் மட்டும்தான். வேறு எங்கே தேடியும் ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. மருமகள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"மாத்திரையா? அது அந்த மாசத்தோட தீந்துதே. டாக்டரு இனி மதின்னு சொல்லியாச்சுல்லா. மாமாவும் கூடத்தான் இருந்தாவளாம்" என்று அந்தப் பெண் என்னைக் காட்டினாள். "பொறவு நாங்கூடக் கேட்டேன், நிறுத்தலாமாக்கான்னு. தம்பியே பெருசா எழுதிப் போட்டாச்சு, கம்பெனிக்காரனே சரின்னு ஒத்துக்கிட்டான், உனக்கு என்னன்னு கேட்டாவ."

மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவே பெரிய தயவு.

அன்றைக்கு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அப்பீலுக்காக வார்த்தை வார்த்தையாக எழுதி எடுத்ததுகூட உண்டு. இந்தத் தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். குரலைக் கேட்கத் தெம்பில்லை. 'இனி மருந்து மதி' என்ற இடம் வந்ததும் அக்கா வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, ஏதோ ஒன்றின் மேல் மூடுவதுபோலக் காட்டினாள். கல்யாண வீட்டில் சோறு விளம்புகிறவன் மறுபடி வரும்போது இலைக்கு மேல் கையைக் கவிழ்த்து 'மதி' என்போமே, அந்தக் கை. வேண்டாம், வயிறு நிறைந்தாச்சு, இனி போடாதே. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அந்தக் கை தெரியும். எனக்கும் தெரியும். நான் சாயாக்கடை மதியைத்தான் கேட்டேன். அவள் பந்தி மதியைச் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கம்பெனி செய்தது சரி என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அவர்கள் அக்காவைக் கேட்கவில்லை. ஒரு அறிவிப்பை எறிந்து, அவளைப் பொய்க்காரி ஆக்கி, வீட்டுக்குள் முடங்க வைத்துவிட்டுப் போனார்கள். நீ மாத்திரையை நிறுத்திவிட்டாயா அம்மா என்று ஒரு வரி கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். ஆனால் அவள் சொன்னதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். டாக்டர் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேன். நடுவில் அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் பேசுவதற்கான உரிமைக்கு ஊர் முழுக்கத் தொண்டை கிழியப் பேசினேன். கூடப் பிறந்தவன் நான். என்னத்துக்குப் படித்தேனோ, என்னத்துக்கு எழுதினேனோ.

வீடியோ இப்போதும் இருக்கிறது. அக்காவின் போனைத் திறக்கும் எண் எங்களுக்குத் தெரியவில்லை. மரணச் சான்றிதழை வைத்து, வீடியோவை நீக்கச் சொல்லி மருமகள் கம்பெனிக்கு எழுதிப்போட்டிருக்கிறாள், பதில் வர வேண்டும். நானும் ஒரு பார்வையாளனாக அதன் மேல் புகார் கொடுத்தேன். தவறான மருத்துவத் தகவல் என்ற இடத்தைத் தொட்டு அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. இந்தப் பதிவு ஏற்கெனவே பரிசீலிக்கப்பட்டது, விதிகளை மீறவில்லை, இருக்கலாம் என்று. என் அப்பீல் அவ்வளவு பலமாக இருந்திருக்கிறது.

அதனால் கீழே கருத்து எழுதுகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடிக்க ஆரம்பித்தேன். பாதிப்பேர் என்னைத் திட்டினார்கள். அக்காவின் பேரைக் கெடுக்க வந்த இங்கிலீஷ் மருந்துக் கம்பெனி ஆள் என்றார்கள். பூவாறுக்காரி ஒருத்தி, 'அக்கா, நானும் மாத்திரையை மதியாக்கியாச்சு, பூண்டு எத்தனை பல்லு போடணும்?' என்று எழுதியிருந்தாள். அவளிடம் கெஞ்சி நம்பர் வாங்கி, ஒரு மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் நின்று கூப்பிட்டேன்.

"நான் அந்த வீடியோ அக்காவுக்க தம்பியாக்கும்" என்றேன்.

"ஐயோ, தம்பியா! அக்கா சொகமா உண்டா? இப்பம் வீடியோ ஒண்ணும் காணல்லியே."

"அக்கா செத்துப்போச்சு மக்கா. ஹார்ட்டுதான். மாத்திரையை நிறுத்தினதுனால."

"டாக்டரு மதின்னு சொன்னாருன்னுல்லா அக்கா சொன்னாவ?" என்றாள்.

"டாக்டரு சொன்னது வேற. கீற வேண்டாம், மாத்திரை தின்னா போரும்னாரு. மாத்திரை வேண்டாம்னு சொல்லேல்ல. அதை ஆயுசு முழுக்கத் தின்னணும். அக்கா அதைத் தப்பாப் புரிஞ்சிட்டாவ."

"ஓ, மாத்திரை மட்டும் மதின்னா? ஆப்பரேஷன் வேண்டாம்னு?"

"ஆமா. அதாக்கும்."

"சரிதான். இப்பம் விளங்குது" என்றாள். நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மாத்திரையைத் திரும்பத் தொடங்குகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தாள். நான் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனேன். அவள் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு லேசா சொல்லித் தந்துட்டீங்க அண்ணா," என்றாள். "இதை நீங்க அக்காட்ட சொல்லேலியா?"

இல்லை என்றேன்.